கை தூக்காத ஆந்தை

1

இக்கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது முறை. இது நிலவொளியில் பிறக்கவில்லை, கடலோரத்திலும் பிறக்கவில்லை. கோலா சாவாவை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தின் கோயில் மண்டபத்தில், ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கடைசியாக வரும் ‘இதர விஷயங்கள்’ என்னும் தலைப்பின் கீழ்ப் பிறந்தது. அத்தலைப்பின் கீழ் வழக்கமாக மண்டபத்து மின்விசிறியைப் பற்றிப் பேசுவார்கள்.

எழுதுகிறவள் பெயர் குமுதவல்லி. கதையில் வருகிறவள் பெயரும் குமுதவல்லி. இருவரும் ஒருவரே. ‘நான்’ என்று எழுதத் தொடங்கினால் கன்னம் சுடுகிறது, பேனா நழுவுகிறது. ‘அவள்’ என்று எழுதினால் யாரோ ஒருத்தியின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் துணிவு வந்துவிடுகிறது. ஆகவே இக்கதை படர்க்கையில் நடைபெறும்.

குமுதவல்லி பள்ளி வேன் ஓட்டுகிறாள். தோட்டத்துப் பிள்ளைகளைக் காலையில் ரந்தாவிலுள்ள பள்ளிக்கு ஏற்றிச் சென்று மதியம் திரும்ப அழைத்துவருவாள். அவள் படித்தது மலாய்ப் பள்ளியில். தமிழ் அவள் வாயில் இருந்தது, கையில் இல்லை. நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு, ராசாவில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் வகுப்பில், தன் வயதில் பாதியே நிரம்பிய ஷாமினி என்னும் ஆசிரியையிடம் அகரத்திலிருந்து தொடங்கினாள். இன்று அவள் ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தில் நிற்கிறாள். இதைக் கூறும்போது எழுத்தாளர் பணிவு காட்ட வேண்டும் என்பர். முயன்று பார்த்தாள். வரவில்லை.

2

இக்கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதப்பட்டன. மறைப்பதற்கில்லை, அவை வருமாறு:

செம்பனை மரங்கள் அணிவகுத்து நிற்க, கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிய அந்த இனிய காலைப் பொழுதில் —

(கைவிடப்பட்டது. அன்று மழை.)

காதல் என்பது யாதெனில் —

(கைவிடப்பட்டது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பாள்.)

அமிர்தலிங்கம் சிரித்தால் அவருடைய —

(இது கைவிடப்படவில்லை. தள்ளிவைக்கப்பட்டுள்ளது. தொடக்கத்திலேயே இப்படி எழுதினால் வாசகர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவார்.)

3

முதலில் அந்த நாவலைப் பற்றிக் கூற வேண்டும். அதன் பெயர் ‘பெருந்தோட்டம்’. அது வருங்காலத்தில் நடப்பது. நாடு முழுவதும் ஒரே தோட்டமாகிவிட்டது. அதிகாலையில் அனைவரும் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் வந்து வரிசையில் நிற்க வேண்டும். அந்நாட்டில் சிறை இல்லை, சவுக்கு இல்லை, யாரும் யாரையும் அதட்டுவதுகூட இல்லை. ஒரே ஒரு சட்டம் மட்டும் உண்டு: எதையும் ஒருவர் தனியாக விரும்பக் கூடாது.

உதாரணமாக, ஒருவர் எழுந்து, ‘இன்று எனக்குப் புளிச்சோறு வேண்டும்’ என்று கூறுகிறார் எனக் கொள்வோம். களத்திலுள்ள அத்தனை பேரும் கை தூக்கினால், அத்தனை பேருக்கும் புளிச்சோறு கிடைக்கும், பிடிக்காதவர்களுக்கும் சேர்த்து. ஒரு கை தூக்கப்படாவிட்டால் யாருக்கும் இல்லை. நாளடைவில் மக்கள் பக்கத்திலிருப்பவரின் கையைப் பார்த்தே தம் ஆசையைத் தெரிந்துகொள்ளலாயினர்.

“ஜெயிலே இல்லாத கொடுங்கோல் நாடு,” என்று வியந்தாள் ஷாமினி. “எப்படிக்கா தோணுச்சி ஒங்களுக்கு?”

“எங்க கோயில் கூட்டத்துக்கு ஒரு தடவ வந்து பாருங்க டீச்சர்,” என்றாள் குமுதவல்லி.

அந்நாட்டில் இந்துஜா என்றொரு பெண்ணும் புனிதன் என்றொருவனும் யாரையும் கை தூக்கச் சொல்லாமல் ஒருவரையொருவர் விரும்பிவிடுகின்றனர். இதுவே கதை. இனிக் குறியீடு. விடுதலையைப் பற்றிய நாவலுக்குக் குறியீடு ஒன்று இன்றியமையாதது எனக் குமுதவல்லி உறுதியாக நம்பினாள். பறக்கும் புறாவையும் உடைந்த சங்கிலியையும் பரிசீலித்துத் தள்ளினாள். அவள் தேர்ந்தெடுத்தது கூகை.*

* கூகை என்பது அகராதியிலிருந்து அவள் தேடியெடுத்த சொல். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. லயத்து வீடுகளில் எல்லாருக்கும் அது ஆந்தைதான். இனி ஆந்தை என்றே எழுதப்படும்.

செம்பனைத் தோட்டங்களில் எலித்தொல்லைக்காக ஆந்தைகளுக்குப் பெட்டி கட்டிவைப்பது வழக்கம். உயரமான கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி, அதில் ஒரு வாசல். நிர்வாகம் பெட்டியை வைக்கலாம், கம்பத்துக்குச் சாயம் பூசலாம், எண் எழுதலாம். ஆந்தையை வரச் சொல்ல முடியாது. வந்தால் வரும். கூடி நின்று கை தூக்கினாலும் அது பொருட்படுத்தாது. காதலுக்கும் விடுதலைக்கும் சேர்த்து ஒரே குறியீடாக இதைக் கண்டுபிடித்த அன்று, அவள் வேனைப் பின்பக்கமாக எடுத்துத் தன் வீட்டு வாழை மரத்தையே சாய்த்துவிட்டாள். அவ்வளவு மகிழ்ச்சி.

பக்கத்து வீட்டு முத்தாயிக்குக் கையெழுத்துப்படியை வாசித்துக் காட்டினாள். முத்தாயி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

“ஆந்தையா? எளவு சொல்ற பறவையப் போயி காதலுக்கு வச்சிருக்கியே. மயிலு கியிலு கெடைக்கலியா ஒனக்கு?”

“மயில் நம்ப தோட்டத்துல ஏதுக்கா?”

“ஆந்தை அலறுனா மறுநாளு கூடாரம் போடணும்லா. ஒன் புக்கப் படிக்கிறவன் தலமுழுகிட்டுதான் சோறு திம்பான்.”

குமுதவல்லி குறியீட்டை மாற்றவில்லை. முத்தாயிக்குப் பயந்து எழுதுவதானால், பெருந்தோட்டத்தில் அவளும் ஒருத்தி ஆகிவிடுவாள் அல்லவா?

4

இப்போது ஓர் ஐயத்தைத் தெரிவிக்க வேண்டும். அது கதாநாயகனைப் பற்றியது.

முதல் வரைவில் புனிதன் ஆறடி உயரம். கண்களில் தீப்பொறி. வாயைத் திறந்தால் உரிமை, விடியல், எழுச்சி. ஷாமினி படித்துவிட்டு, “அக்கா, இவரு இந்துஜாகிட்ட தண்ணி கேக்கறதுகூட மேடை போட்டு மைக்குல கேக்கற மாதிரி இருக்கு,” என்றாள். குமுதவல்லி அவமானப்பட்டாள், பின்னர் யோசித்தாள். நிஜமாகவே ஓர் ஆண் எப்படிப் பேசுவான் என்று கவனிக்கத் தொடங்கினாள். கவனிப்பதற்கு அருகில் கிடைத்தவர் அமிர்தலிங்கம்.

அமிர்தலிங்கம் தோட்டத்தில் ஆந்தைப் பெட்டிகளைப் பார்வையிடுகிறவர். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகச் சுற்றுவார். மனைவியை இழந்தவர். மகள் லுக்குட்டில் குடும்பத்தோடு இருக்கிறாள். வேன் முச்சந்தியில் நிற்கும்போது மோட்டாரை ஓரங்கட்டி, ஆந்தைகளின் குடும்ப விவகாரங்களைச் சொல்லி, நாவலில் இந்துஜாவின் நிலையையும் விசாரித்துவிட்டுப் போவார். அவர் நன்றாக நகைச்சுவை சொல்வார் என்பது தோட்டம் முழுவதும் பரவியுள்ள கருத்து. ஆனால் அவருடைய எந்தத் துணுக்கின் முடிவையும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. முடிவுக்கு ஒரு வாக்கியம் இருக்கும்போதே அவர் சிரித்துவிடுவார். தோள் குலுங்கும், கண்ணில் நீர் வரும், பேச முடியாது. கேட்டவர்களும் என்னவென்று தெரியாமலேயே சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள்.

புனிதனின் உயரம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஏழாம் அத்தியாயத்தில் அவனுக்குத் தொப்பை வந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தில் அவன் ஒரு நகைச்சுவையைச் சொல்லத் தொடங்கி முடிக்க முடியாமல் சிரித்தான். அந்தப் பக்கத்தை எழுதி முடித்துவிட்டுக் குமுதவல்லி நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரப் படைப்பு கைமீறிவிட்டது என்பது அப்போதே தெரிந்தது.

மேலும் ஒரு சான்று. தோட்டத்தில் அவரை எல்லாரும் ‘அமிர்தண்ணே’ என்பார்கள். குமுதவல்லி மட்டும் அவரை எதுவும் சொல்லி அழைத்ததில்லை. ‘இங்க பாருங்க’ என்றுதான் தொடங்குவாள்.

5

கூட்டத்துக்கு வருவோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. தலைவர் திருநாவுக்கரசு மைக்கைத் தட்டிப் பார்த்தார். அம்மண்டபத்தில் எல்லாத் தீர்மானங்களும் கைதூக்கி நிறைவேறும். ஒரு கை தாழ்ந்திருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்படும். மனத்தாங்கலோடு அம்மனுக்கு எதுவும் செய்யக் கூடாது என்பது பழைய ஏற்பாடு. (நாவலின் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை வாசகர் இப்போது ஊகித்திருப்பார்.) அன்னதானத்தில் வடை உண்டா? கைகள் உயர்ந்தன. புதிய ஒலிபெருக்கி வாங்கலாமா? உயர்ந்தன. இதர விஷயங்கள்?

முத்தாயி எழுந்தார்.

“தலைவரே, நம்ப குமுதம் இருக்கு. நம்ப அமிர்தம் இருக்காரு. ரெண்டும் தனித்தனியா ஆக்கி, தனித்தனியா தின்னுட்டு, முச்சந்தியில வந்து பேசிக்கிட்டு நிக்குதுங்க. எதுக்கு ரெண்டு அடுப்பு?”

“இது கோயில் கூட்டம்லா, முத்தாயி.”

“கல்யாணம் பாசார்லயா நடக்கும்? கோயில்லதான?”

தலைவர் மைக்கை நெருங்கினார். “சரி. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க,” என்றார்.

அவ்வேளையில் குமுதவல்லி மண்டபத்தில் இல்லை. உடல் இருந்தது. மனம் பெரட்டுக் களத்தில் இந்துஜாவின் அருகில் நின்று, கடைசி வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தது. காதருகே வளையல்கள் குலுங்கின. இருபுறமும் கைகள் எழுந்தன. அத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டால் தம் கை தானாக எழும். அவளுடைய கையும் எழுந்தது.

“பொண்ணே தூக்கிருச்சி,” என்றது ஒரு குரல். மண்டபம் அதிர்ந்தது.

என்ன தீர்மானம் என்று அவளுக்குப் புரிந்தபோது கை இன்னும் மேலேதான் இருந்தது. வெட்கத்தில் தலையைத் திருப்பினாள். பின்னால், தூணோரத்தில், அமிர்தலிங்கம் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மண்டபம் முழுவதிலும் தூக்கப்படாத கைகள் அவை மட்டுமே.

“ஏன் அமிர்தம், கை என்னா ஒட்டிக்கிச்சா?” என்றார் முத்தாயி.

அவர் சிரித்தார். எழுந்து வெளியே போனார். மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது. “அடுத்த ஞாயிறு,” என்று அறிவித்தார் தலைவர். எல்லாரும் தேநீருக்கு எழுந்தனர்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை வாசகர் அறிந்திருத்தல் நலம். குமுதவல்லிக்குப் பத்தொன்பது வயதில் ஒரு திருமணம் நடந்தது. வேலை முடிந்து வீடு திரும்பியபோது கூடத்தில் பெரியவர்கள் வெற்றிலை பாக்கு மாற்றி முடித்திருந்தார்கள். எல்லாருக்கும் சம்மதம் என்று அவளிடம் கூறப்பட்டது. கணவர் நல்ல மனிதர். மாரடைப்பில் இறந்தபோது அவள் மனமார அழுதாள். ஆயினும் அவரைத் தான் விரும்பிக் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. கேட்க யாரும் இடம் வைக்கவில்லை. இப்போது இரண்டாம் முறையும் ஒரு கூடம் நிறைய மனிதர்கள் அவளுக்காகச் சம்மதித்துவிட்டார்கள். போதாக்குறைக்கு அவளுடைய கையையே சாட்சிக்கு இழுத்துக்கொண்டார்கள். அமிர்தலிங்கத்தை அவளுக்கு

(இவ்வாக்கியம் முடிக்கப்படவில்லை. கன்னம் சுடுகிறது. படர்க்கையிலும் சுடும் என்பது இப்போதுதான் தெரிகிறது.)

ஆகவே அவள் முன் இருந்தது இதுதான்: வரும் ஞாயிறு கூட்டத்துக்கு மணியடிப்பதற்குள், ஆமென்றோ இல்லையென்றோ, தன் சொந்தப் பதிலை அவள் கண்டெடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பின் சொன்னால் அது கூட்டத்தின் பதிலாகிவிடும்.

6

திங்கட்கிழமை காலை வேனிலிருந்த பிள்ளைகள் அனைவரும், “ஆன்ட்டி, நாங்களும் தூக்குறோம்,” என்று இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வந்தனர். கண்ணாடியில் கைகள்தாம் தெரிந்தன. பின்னால் வந்த லோரி தெரியவில்லை.

அவர்களைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வேனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் திருப்பினாள். ஒரு கம்பத்தில் ஏணி சாய்ந்திருந்தது. ஏணியின் உச்சியில் அமிர்தலிங்கம்.

“இங்க பாருங்க. நேத்து ஏன் கை தூக்கல?”

“மெதுவா பேசுங்க, எழுத்தாளரம்மா. குடிவந்துருக்காங்க.”

அந்தப் பெட்டி வைத்த நாள் முதல் காலியாகவே இருந்தது. எடுத்துவிடலாம் என்று ஆபீசில்கூடச் சொல்லிவிட்டார்கள். இன்று கம்பத்தில் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தது. கீழே எலி எலும்பும் மயிருமாக உருண்டைகள் கிடந்தன.

“எப்ப வந்துச்சி?”

“தெரியல. யாரும் கூப்புடல. அதுவா பாத்து வந்துருக்கு.”

 பின்னர் வகுப்பில் ஷாமினி இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, “குறியீடு சரியா நேரம் பாத்து வருதுக்கா, யாரும் நம்ப மாட்டாங்க,” என்றாள். இப்பகுதியை அடித்துவிடலாமா என்று குமுதவல்லி ஓர் இரவு யோசித்தாள். ஆனால் அது வந்தது. நேரம் பார்த்தே வந்தது. அதற்கு அவள் என்ன செய்வாள்?

அமிர்தலிங்கம் இறங்கி வரவில்லை. ஏணியிலேயே திரும்பி நின்று பேசினார். கீழிருந்து அண்ணாந்து பார்த்ததில் அவர் ஆறடிக்கும் மேலாகத் தெரிந்தார்; முதல் வரைவில் இருந்த புனிதனைப் போல.

“வடைக்குத் தூக்குன கை. ஸ்பீக்கருக்குத் தூக்குன கை. அதே கையத் தூக்கி, எல்லாரும் தூக்குறாங்கன்னு ஒங்களக் கேக்கறதா? எனக்கு நீங்க வேணும். இத நான் தனியா சொல்லணும்னு இருந்தேன். முத்தாயிக்கா முந்திக்கிச்சி.”

குமுதவல்லி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“என் கை தூக்குச்சே. பாத்தீங்கதானே?”

“பாத்தேன். கைதான் அங்க இருந்துச்சி. நீங்க வேற எங்கியோ இருந்தீங்க. அது கணக்குல வராது.”

“நான் எங்க இருந்தேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“இந்துஜா வீட்டுலதான,” என்றார். ஏணி இலேசாகக் குலுங்கத் தொடங்கியது. “ஒரு தடவ இப்படித்தான், ஒரு ஆந்தை பொண்ணு பாக்கப் போச்சாம். அங்க பாத்தா, பொண்ணோட அப்பா —”

அவ்வளவுதான். சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கவும் கையில்லாமல் ஏணியைப் பற்றிக்கொண்டு சிரித்தார். பெட்டிக்குள்ளிருந்து கோபமாக ஒரு சீறல் கேட்டது. அவள் வேனில் ஏறினாள். முச்சந்தி வரை மூன்றாவது கியரைப் போட மறந்து இரண்டாவதிலேயே ஓட்டினாள். வண்டி அலறியது. அவளுக்கு அது பாட்டாகக் கேட்டது.

7

நாவலின் முடிவுகள். சனிக்கிழமை வகுப்பில் பரிசீலிக்கப்பட்டவை.

நிலை இது: பெரட்டுக் களத்தில் இந்துஜாவின் காதல் வெளிப்பட்டுவிடுகிறது. யாரும் கோபப்படவில்லை. மாறாக, மக்கள் அனைவரும் புன்னகையோடு கை தூக்குகின்றனர்.

முதல் முடிவு: இருவரும் வேலியைத் தாண்டி ஓடிவிடுகின்றனர். ஷாமினி: “ஓடறது எல்லாக் கதையிலயும் வருதுக்கா. அவங்க போன எடத்துல யாரு சமைப்பாங்க?”

இரண்டாம் முடிவு: இருவரும் மாண்டுபோகின்றனர். இதை முத்தாயி முன்பே தடைசெய்துவிட்டார். “சாவடிச்சின்னா, ஒன் வேன் முன்னால வந்து படுத்துக்குவேன். ஆந்தைய வச்சதே பத்தாதா?”

மூன்றாம் முடிவு: சட்டம் சட்டமே. எல்லாரும் கை தூக்கினால் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். ஆகவே புனிதன் நாட்டு மக்கள் அனைவருக்கும் மணமுடித்து வைக்கப்படுகிறான். கிழவர்கள், வேலை வாங்கும் மண்டோர்கள், கணக்கெழுதும் கிராணிகள் உட்பட. வரிசை வேலியைத் தாண்டி நிற்கிறது. புனிதன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தாலி கட்டிக்கொண்டே போகிறான்.

இதை வாசித்தபோது ஷாமினி மேசைமேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. குமுதவல்லியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான்காம் முடிவு வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் எழுதியும் முடித்துவிட்டாள்:

‘ஆயிரம் கைகள் உயர்ந்திருந்தன. இந்துஜா மட்டும் தன் இரு கைகளையும் தாழ்த்தியபடி களத்தின் நடுவே வந்து நின்றாள். “உங்கள் அன்புக்கு நன்றி,” என்றாள். “ஆனால் இவர் உங்களுக்கு வேண்டாம். எனக்கு மட்டும் வேண்டும்.” அந்நாட்டில் அதுவரை யாரும் அப்படியொரு வாக்கியத்தைக் கேட்டதில்லை.’

ஷாமினி தாளை வாங்கி மறுபடி வாசித்தாள். பிறகு, “முடிஞ்சிருச்சிக்கா,” என்றாள்.

நாவல் முடிந்துவிட்டது. இக்கதை முடியவில்லை. இப்போது ஞாயிறு மாலை. குமுதவல்லி இதைச் சமையல் மேசையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். சேலையை இருமுறை மாற்றிவிட்டாள். வெளியே முத்தாயி, “குமுதம், நேரமாச்சிலா, சீக்கிரம்,” என்று மூன்று வீடு கேட்கக் கூப்பிடுகிறார். இந்துஜாவுக்கு எழுதிக் கொடுத்த வாக்கியத்தை இவளால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அல்லது வேறொரு வாக்கியம், இதற்கு நேர்மாறான ஒன்று, அங்கே போய் நிற்கும்போது

மணி அடிக்கப் போகிறார்கள். மீதியை வந்து —

8

வந்தாயிற்று.

மண்டபத்து வாசலில் செருப்புகளின் நடுவே அமிர்தலிங்கம் நின்றிருந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. இன்னும் மணி அடிக்கவில்லை. உள்ளே எல்லாரும் திரும்பி உட்கார்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தனர். மைக்கும் அணைக்கப்படாமல் இருந்தது. எனவே குமுதவல்லி மிக அருகில் சென்றாள்.

“இங்க பாருங்க,” என்று தொடங்கினாள். உடனே நிறுத்தினாள். அதன்பின் இதுவரை யாரும் அவரை அழைக்காத ஒரு பெயரைச் சொல்லி அழைத்தாள். அது என்ன பெயர் என்பது இக்கதைக்குத் தேவையில்லை. பிறகு தன் பதிலைக் கூறினாள். பதில் நீளமானதன்று. ஆனால் அதன் முடிவுக்கு ஒரு சொல் இருக்கும்போதே அவர் சிரித்துவிட்டார். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. ஆகவே அப்பதிலின் கடைசிச் சொல்லை அவரேகூடக் கேட்டிருப்பாரா என்பது ஐயமே. மணி அடித்தது.

“என்னா சொன்ன? என்னா சொன்னா அவ?” என்றார் முத்தாயி.

“ஆந்தை ஜோக்குக்கா,” என்றார் அமிர்தலிங்கம்.

கூட்டம் தொடங்கியது. தள்ளிவைக்கப்பட்ட தீர்மானத்தைத் தலைவர் வாசித்தார். வளையல்கள் குலுங்கின. கைகள் உயர்ந்தன. மண்டபத்தின் நடுவே ஒருத்தியும் தூணோரத்தில் ஒருவரும் தத்தம் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தனர்.

“இப்ப ரெண்டு கொறையுது,” என்றார் திருநாவுக்கரசு. தீர்மானம் மீண்டும் அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஒவ்வொரு ஞாயிறும் இனித் தள்ளிவைக்கப்படும். அதனால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது, முத்தாயியின் பொறுமையைத் தவிர.

வாசகரே, இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள். ‘சரியென்றுதான் சொல்லியிருப்பாள்’ என்று உங்கள் வலக்கை பாதி உயர்ந்திருக்கும். ‘தனியாகவே இருக்கட்டும், இன்னொரு நாவல் எழுதட்டும்’ என்று இடக்கையும் சற்று அசைந்திருக்கும். இரண்டுக்கும் நன்றி. உங்களுக்குப் பிடித்த முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்; யாரிடமும் சொல்லாதீர்கள்; பக்கத்திலிருப்பவர் எதை வைத்திருக்கிறார் என்றும் பார்க்காதீர்கள். கைகளை மட்டும் தயவுசெய்து இறக்கிவிடுங்கள்.

பதில் சொல்லப்பட்டுவிட்டது. அதை நான்தான் சொன்னேன்.